நெல்லா, எள்ளா? ஒரு போன் அழைப்பின் உள்ளே ஓர் உலா

விழுப்புரம் மார்க்கெட் கமிட்டி (ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்) வாசலில் நின்றுகொண்டு ஒருவர் போனில் ‘நெல்லு’ என்கிறார். அந்த ஒற்றைச் சொல் மறுமுனையில் இருக்கும் கணினியிடம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை அவதாரம் எடுக்கிறது தெரியுமா? வாயிலிருந்து காற்றாகக் கிளம்பி, மின்சாரமாகி, எண்ணாகி, ரேடியோ அலையாகி, மறுபடி எண்ணாகி, கண்ணாடி இழைக்குள் ஒளியாகி, கடைசியில் இன்னொரு முறை எண்ணாகிறது. இவ்வளவும் கண் சிமிட்டி முடிப்பதற்குள்! வாருங்கள், இன்று அந்தச் சொல்லின் பின்னாலேயே நாமும் உள்ளே போய்ப் பார்த்துவிடலாம். பொதுவாக யாரும் எட்டிப் பார்க்காத இடம். ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் புன்னகை வரும்.

நெல்லையும் எள்ளையும் ஏன் பிடித்தேன்? இரண்டும் நம் பக்கத்துக் கமிட்டிகளுக்கு வரும் சரக்கு. இரண்டும் சின்னச் சொல். வாயால் சொல்லிப் பாருங்கள்: நெல்லு, எள்ளு. தலையில் ஒரு ‘ந’, நடுவில் ‘ல’வுக்கும் ‘ள’வுக்கும் உள்ள நூலிழை வித்தியாசம். அவ்வளவுதான். ஆனால் விலை? 2024-25 காரீப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, சாதா ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். எள்ளுக்கு 9,267 ரூபாய். நான்கு மடங்கு! கணினி ஒரு ‘ந’வைத் தவறவிட்டால் கேட்டவருக்குக் கிடைக்கும் விலை எங்கேயோ போய்விடும்.

போனில் விலை சொன்ன ஆறு மொழிகள்

இது கற்பனை விளையாட்டு இல்லை. 2010-களின் தொடக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் எஸ். உமேஷ் ஒருங்கிணைக்க, மத்திய தகவல் தொழில்நுட்பத் துறையின் நிதியில் ஒரு கூட்டுத் திட்டம் நடந்தது. தமிழ், தெலுங்கு, இந்தி, மராத்தி, வங்காளம், அசாமி என ஆறு மொழிகள். விவசாயி சாதாரண போனிலிருந்து அழைப்பார். எந்த விளைபொருள், எந்த ஊர்ச் சந்தை என்று வாயால் சொல்வார். கணினி அதைப் புரிந்துகொண்டு அரசின் அக்மார்க்நெட் தளத்திலிருந்து அன்றைய விலையை எடுத்து வாசித்துக் காட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், இணையம் இல்லாதவருக்கும் விலை தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். எவ்வளவு நல்ல யோசனை!

அந்த ஆய்வாளர்கள் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உற்சாகம் பொங்குகிறது. குளிர்சாதன அறையில் நல்ல மைக் வைத்து நாலு பேரைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. விவசாயிகள் இருக்கும் இடத்துக்கே போனார்கள். அவர்கள் பேசும் பேச்சை போன் வழியாகவே பதிவு செய்தார்கள். ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? அதற்கான பதில்தான் இந்த உலா முழுவதும். கணினி நம் குரலைத் தனியாகக் கேட்பதே இல்லை. மைக், டவர், எக்ஸ்சேஞ்ச் எல்லாம் ஆளாளுக்குக் கை வைத்த பிறகு என்ன மிஞ்சுகிறதோ அதைத்தான் கேட்கிறது.

முதல் வாசல்: மைக்

பழைய கறுப்பு போனின் ரிசீவரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாய் வைக்கும் பக்கத்தில் வட்டமாக ஒரு வில்லை இருக்கும். அதற்குள் கரித்தூள்! குரல் பட்டு மேல்தகடு அதிர, கரித்துகள்கள் நெருங்கியும் விலகியும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும். எடிசன் 1870-களின் இறுதியில் செம்மைப்படுத்திய இந்த ஏற்பாடு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உலகத்தையே பேச வைத்தது. அதில் ஒரு சிக்கல் உண்டு. துகள்கள் நாளடைவில் இறுகிக் கட்டிப்போகும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் ‘சரியா கேக்கல’ என்று ரிசீவரைத் தட்டுவார்களே, அது மூடப் பழக்கம் இல்லை. துகள்களை உதிர்த்துவிடும் சரியான வைத்தியம்! ஆனால் கணினிக்கு இது தலைவலி. மெதுவாகப் பேசினால் ஒரு மாதிரி, உரக்கப் பேசினால் வேறு மாதிரி எனக் கரி மைக் ஒலியின் வடிவத்தையே மாற்றிவிடும்.

1962-இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் எலக்ட்ரெட் மைக்கைக் கண்டுபிடித்தார்கள். மலிவு, சிறிசு, ஒலியைக் கிட்டத்தட்ட உள்ளபடியே தரும். அதன் பின் எவ்வளவோ வந்துவிட்டது. இன்றைய ஸ்மார்ட்போனில் அரிசி அளவு சிலிக்கான் மைக்குகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. ஒன்று வாயைக் கேட்கும். இன்னொன்று சுற்றுச் சத்தத்தைக் கேட்கும். இரண்டையும் ஒப்பிட்டு உள்ளே ஒரு சில்லு இரைச்சலைக் கழித்துவிடும். மனிதக் காதுக்கு இது வரம். கணினிக்குச் சில வேளைகளில் வினை. இரைச்சலோடு இரைச்சலாக ‘ச’வின் சீறலையும் அந்தச் சில்லு சேர்த்துத் துடைத்துவிடலாம்.

ஆக, ஒரே ஆள், ஒரே சொல். ஆனால் பட்டன் போன், ஸ்மார்ட்போன், ஸ்பீக்கர் போட்ட போன், புளூடூத் இயர்போன் என ஒவ்வொன்றிலும் கணினிக்குக் கிடைப்பது வேறு வேறு ஒலி. 1997-இல் அமெரிக்க ஆய்வாளர் டக்ளஸ் ரெனால்ட்ஸ் இதை அளந்து பார்க்கவே ஒரு தொகுப்பு உருவாக்கினார். ஒரே பதிவுகளைக் கரி மைக் ரிசீவர்கள் நான்கிலும் எலக்ட்ரெட் ரிசீவர்கள் நான்கிலும் இன்னும் சிலவற்றிலும் ஒலிக்கவிட்டுத் திரும்பப் பதிவு செய்தார். பேசுபவர் மாறவில்லை, பேச்சு மாறவில்லை, ரிசீவர் மட்டும் மாறுகிறது. என்ன அழகான சோதனை!

இரண்டாம் வாசல்: 300-க்கும் 3,400-க்கும் நடுவே

இப்போது வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். தொலைபேசி என்பது ஒரு சல்லடை. மல்லாட்டையை, அதாவது மணிலா என்கிற நிலக்கடலையை, அளவு பார்த்துச் சலிக்கிறார்களே, அப்படியே ஒலியையும் சலிக்கிறது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதும் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதும் கழிவு. நடுவில் உள்ளது மட்டும் போகலாம். மனிதப் பேச்சு புரிய இவ்வளவு போதும் என்று தொலைபேசிப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டு, அதையே உலக வழக்கமாக்கிவிட்டார்கள்.

கழிவில் என்னென்ன போகிறது பாருங்கள். ஆண் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை. அது சல்லடைக்கு வெளியே! ஆனாலும் அப்பாவின் குரலைப் போனில் அப்பாவின் குரலாகவே கேட்கிறோமே, எப்படி? மேலே இருக்கும் மடங்குச் சுருதிகளைக் கொண்டு, இல்லாத அடிச்சுருதியை நம் மூளையே கட்டி எழுப்பிக்கொள்கிறது. ‘ந’, ‘ம’ போன்ற மூக்கொலிகளின் உயிர்நாடி ஏறத்தாழ 250, 300 ஹெர்ட்ஸில் இருக்கிறது. சல்லடை விளிம்பில் பாதி உதிர்ந்துபோகும். ‘சோளம்’ என்று தொடங்கும்போது வருகிற சீறலின் பெரும்பகுதி 4,000-க்கு மேலே. அது மொத்தமாகப் போயிற்று. மகிழ்ச்சியான செய்தியும் உண்டு. நம் ‘ழ’வையும் ‘ள’வையும் ‘ல’விலிருந்து பிரித்துக் காட்டும் முக்கிய அடையாளம் 3,000 ஹெர்ட்ஸுக்கு உள்ளேயே அடங்கிவிடுகிறது. பழைய கம்பித் தொலைபேசிகூட ‘ழ’வை மதித்துக் காப்பாற்றியிருக்கிறது!

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பிராட்’ என்ற இலவச மென்பொருள், பேச்சைப் படமாக விரித்துக் காட்டும். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் சுருதி, எங்கே கருமையோ அங்கே ஒலி. திண்டிவனத்தில் இருக்கும் சித்தப்பா கையில் 2ஜி பட்டன் போன். விழுப்புரத்தில் என்னிடம் பதிவுக் கருவி.

“சித்தப்பா, நெல்லு, எள்ளு, சோளம், மணிலா... மாத்தி மாத்திச் சொல்லுங்க.”

“இன்னாடா வெளயாட்டு இது? வெல கேக்கப் போறியா, வெதைக்கப் போறியா?”

அதையும் சேர்த்தே பதிவு செய்தேன். பிறகு அதே சொற்களை ஒரு ஸ்மார்ட்போனிலிருந்து வாட்ஸப் குரல் செய்தியாக அனுப்பச் சொன்னேன். இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்தபோது துள்ளிக் குதிக்காத குறை! போன் அழைப்பின் படம் 3,400-ஐத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் கத்தி வைத்து வெட்டியது மாதிரி நின்றுவிடுகிறது. அதற்கு மேலே வெறும் வெள்ளை. வாட்ஸப் படத்தில் ‘சோளம்’ தொடங்குமிடத்தில் உயரமான கறுப்புப் புகை. போன் படத்தில் அதே இடத்தில் ஒரு மெல்லிய நிழல். ‘நெல்லு’வின் ‘ந’ இருந்த இடத்தில் அடியில் ஒரு சாம்பல் கீற்று மட்டும். அதையும் அழித்துவிட்டால் நேரே ‘எ’ தொடங்கிவிடும். நெல், எள்ளாகும் இடம் அதுதான். கண்ணால் பார்த்துவிட்டேன்!

மூன்றாம் வாசல்: நொடிக்கு 50 கடிதங்கள்

கம்பித் தொலைபேசியில் எக்ஸ்சேஞ்ச் நம் குரலை நொடிக்கு 8,000 தடவை அளக்கும். ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட். நொடிக்கு 64,000 பிட். 04146 என்று விழுப்புரத்துக்கும் 04147 என்று திண்டிவனத்துக்கும் சுழற்றிய காலத்திலிருந்து இந்தக் கணக்கு ஓடுகிறது. செல்போனுக்கு இவ்வளவு தாராளம் கட்டுப்படியாகாது. காற்றில் இடம் குறைவு. அதனால் அது ஒரு தந்திரம் செய்கிறது, அதுதான் இந்த உலாவின் உச்சம்.

2ஜி போன் நம் குரலை அப்படியே அனுப்புவதில்லை. குரலைச் செய்யும் முறையை எழுதி அனுப்புகிறது! ஒவ்வொரு 20 மில்லி நொடிக்கும் நம் தொண்டையும் வாயும் எந்த வடிவில் இருந்தன, குரல்வளை எப்படித் துடித்தது என்று கணக்கிட்டு, 260 பிட்டில் ஒரு குறிப்பு. நொடிக்கு 50 குறிப்புகள். மொத்தம் 13,000 பிட். மறுமுனை அந்தக் குறிப்பைப் படித்து நம் குரலைப் புதிதாகச் செய்துகொள்கிறது. இதுவரை நீங்கள் செல்போனில் கேட்ட ஒவ்வொரு குரலும் அந்த நொடியில் அங்கேயே செய்யப்பட்டதுதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘ஹலோ’ என்று கேட்டாலே எனக்குப் புல்லரிக்கிறது.

இப்படிக் குறிப்பு எழுதும் முறைக்குக் குறிமுறை என்று பெயர். அதன் அடுத்த தலைமுறையில், சிக்னல் வலுவாக இருந்தால் குறிப்பு விரிவாக இருக்கும். டவரை விட்டுத் தள்ளிப் போகப் போக, வழியில் பிட்டுகள் சிதைந்துவிடாமல் காப்பதற்கே இடம் போய்விடுவதால் குறிப்பு சுருங்கும். நொடிக்கு 12,200 பிட்டிலிருந்து 4,750 வரைக்கும் இறங்கும். சில குறிப்புகள் வந்தே சேராது. அப்போது போன் முந்தைய குறிப்பை வைத்து ஒப்பேற்றிவிடும். இன்னொன்றும் உண்டு. நாம் பேசாமல் இருக்கும்போது மின்கலத்தை மிச்சப்படுத்த போன் அனுப்புவதையே நிறுத்திவிட்டு, மறுமுனையில் ஒரு போலி இரைச்சலை ஓடவிடும். மறுபடி வாய் திறந்ததும் அது விழித்துக்கொள்ள வேண்டும். ஒரு நூலளவு தாமதித்தாலும் சொல்லின் தலை போய்விடும். ஏற்கெனவே சல்லடையில் மெலிந்த ‘ந’ இங்கே மொத்தமாகக் காணாமல் போகலாம். ‘மூணு’வின் ‘ம’வுக்கும் அதே கதி, மிஞ்சியது ‘ஒண்ணு’வுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

கடைசி வாசலில் ஒரு திருப்பம்

‘என்கிட்ட 4ஜி போன் இருக்கே’ என்கிறீர்களா? நல்ல கேள்வி! 4ஜி வழியான அழைப்பில் 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை போக முடியும். இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இது பரவலானது. ‘ச’வின் சீறல் திரும்பி வந்துவிட்டது, நண்பரோடு பேசும்போது பக்கத்தில் இருப்பதுபோல் கேட்கிறதே, அதனால்தான்.

ஆனால் வங்கிக்கோ, எரிவாயு முன்பதிவுக்கோ, விலை சொல்லும் எண்ணுக்கோ அழைக்கும்போது என்ன நடக்கிறது? அந்த நிறுவனங்கள் பல, தொலைபேசி இணைப்பை இன்னும் பழைய 8,000 அளவுக் கணக்கில்தான் வாங்கி வைத்திருக்கின்றன. எவ்வளவு விலை உயர்ந்த போனாக இருந்தாலும் அந்த வாசலில் குரல் மறுபடி 3,400-க்குச் சுருங்குகிறது. அதோடு ஒரு குறிமுறையில் செய்த குரலைப் பிரித்து இன்னொரு குறிமுறையில் மறுபடி செய்வதால் நகலின் நகலாகவும் ஆகிவிடுகிறது. கடைசி வாசல் குறுகியது என்றால் முன்னால் எத்தனை அகலச் சாலை போட்டும் பயனில்லை.

கணினி கற்றுக்கொண்ட வித்தைகள்

இத்தனைக்கும் ஈடுகொடுக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்த வித்தைகளில் ஒன்று அத்தனை எளிமையானது, யாருக்கும் ஆசை வந்துவிடும். கணினி பேச்சை 10 மில்லி நொடிக்கு ஒரு தடவை சின்னச் சின்ன எண் அடுக்குகளாக மாற்றுகிறது. மடக்கைக் கணக்கில் போட்டால், மைக்கும் கம்பியும் குரலில் செய்த மாற்றம் எல்லா அடுக்கிலும் ஒரே அளவாகக் கூடியிருக்கும். எனவே முழுப் பேச்சின் சராசரியை எடுத்துக் கழித்துவிட்டால் போனின் சாயல் பெரும்பாலும் போய், குரல் மிஞ்சும்! ஒரு கழித்தல் கணக்கு, அவ்வளவுதான். ஆனால் விவசாயி ‘நெல்லு’ என்று ஒரே ஒரு சொல் சொன்னால்? சராசரியில் போனின் சாயலோடு நெல்லின் சாயலும் சேர்ந்திருக்கும். கழித்தால் இரண்டும் போகும். நீளமாகப் பேசினால் கணினிக்கு நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு வித்தை, பழகிக்கொள்வது. 1990-இல் அமெரிக்காவில் 630 பேர் பேசிய 6,300 வாக்கியங்களின் பதிவை ஒரு செயற்கை வாய் மூலம் தொலைபேசி ரிசீவருக்குள் ஒலிக்கவைத்து, நைனெக்ஸ் நிறுவனத்தின் கம்பிகள் வழியே அனுப்பி, மறுமுனையில் திரும்பப் பதிவு செய்தார்கள். எவ்வளவு இழக்கிறோம் என்று அளக்கவும், போன் ஒலிக்கே கணினியைப் பழக்கவும் அது உதவியது. இன்று செயற்கை வாய் தேவையில்லை. நல்ல பதிவை மென்பொருளிலேயே 2ஜி வழியாகப் போனது மாதிரி கெடுத்து, கணினிக்குப் பாடம் நடத்துகிறார்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் உமேஷும் கனடாவின் ரிச்சர்ட் ரோஸும் மற்றவர்களும் நம் விலைத் திட்டத்தின் மராத்திப் பதிவுகளைக் கொண்டு, இந்திப் பேச்சைக் கணினி புரிந்துகொள்வதை மேம்படுத்தப் பார்த்தார்கள். இரண்டும் வெவ்வேறு சூழலில், வெவ்வேறு வழித்தடத்தில் பதிவானவை. அந்த வேறுபாட்டுக்கு முதலில் ஈடுகட்டிய பிறகே இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

தமிழுக்கு உலக மேடையும் கிடைத்தது. 2014-இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், உலக ஆய்வுக் குழுக்களுக்கு ஒரு போட்டி வைத்தது. கடைசி நேரத்தில் ஒரு ‘ஆச்சரிய மொழி’யை அறிவிப்பார்கள், அந்த மொழியின் தொலைபேசி உரையாடல்களுக்குள் கேட்கும் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஆண்டின் ஆச்சரிய மொழி தமிழ்! அதற்காகத் தமிழ்நாட்டின் வடக்கு, மேற்கு, தெற்கு, நடுப் பகுதிகளின் பேச்சு 2012, 2013-இல் பதிவாகியிருந்தது. வீடு, அலுவலகம், தெரு, ஓடும் வண்டி எனப் பல இடங்களிலிருந்து. லேண்ட்லைன், செல்போன் எனப் பலவகை போன்களிலிருந்து. தேர்ந்த குழுக்களின் கணினிகளும் நிறையச் சொற்களைத் தப்பாகவே கேட்டன. உருகி ஒட்டிக்கொண்டு நீளும் நம் பேச்சுத் தமிழும், இத்தனை வாசல் கடந்த ஒலியும் சேர்ந்து அவர்களைத் திணறடித்தன.

இனி என்ன செய்யலாம்?

இவ்வளவையும் பார்த்த பிறகு ஒன்றை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். ‘மன்னிக்கவும், புரியவில்லை, மீண்டும் கூறவும்’ என்று எந்திரக் குரல் சொல்லும்போது நம் ஊர்ப் பெரியவர்கள் கூசிப்போகிறார்கள். தம் பேச்சுதான் மட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லவே இல்லை! மல்லாட்டை என்று சொல்லும் அந்த வாய்க்கு ஒரு குறையும் இல்லை. பட்டன் போனையும் பலவீனமான சிக்னலையும் எங்கள் பக்கத்துப் பேச்சையும் முன்கூட்டியே கேட்டுப் பழகாத கணினிக்குத்தான் பாடம் போதவில்லை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கண்ட டி.எம்.வி. மணிலா ரகங்கள் நாடெங்கும் விளைந்திருக்கின்றன. அந்த ஊரின் குரலும் கணினிக்குப் பாடமாகத்தான் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவையும் உண்டு. எந்திரக் குரலிடம் பேசும்போது ஸ்பீக்கரை அணையுங்கள். போனை வாய்க்கு அருகே பிடியுங்கள். பீப் ஒலி முழுவதும் முடிந்த பிறகு தொடங்குங்கள். ‘நெல்லு’ என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்லாமல் ‘இன்னிக்கு நெல்லு வெல சொல்லு’ என்று சொல்லிப் பாருங்கள். முதலெழுத்தான ‘ந’ பிழைத்துக்கொள்ளும். கூச்சலுக்கு நடுவே நம்மை அறியாமல் கத்துவோம். கத்தினால் உயிரெழுத்துகள் நீண்டு வடிவம் மாறும். இரைச்சலில் குரல் தானாக உயர்வதை 1911-லேயே பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் கவனித்துச் சொல்லிவிட்டார். சந்தை இரைச்சலிலிருந்து நாலடி தள்ளி நின்று இயல்பாகப் பேசினாலே போதும்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்று. மத்திய அரசின் பாஷினி திட்டத்தில் ‘பாஷா தான்’ என்ற பகுதி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தம் குரலைத் தமிழுக்குக் கொடுக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழுவும் ஊர் ஊராகப் பேச்சைத் திரட்டுகிறது. வாய்ப்புக் கிடைத்தால் கொடுங்கள். பட்டணத்துத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளாமல், வீட்டில் பேசுகிறபடியே கொடுங்கள். குரல் சேவை நடத்தும் நிறுவனங்கள் கடைசி வாசலை அகலமாக்கட்டும். கணினிக்குப் பாடம் நடத்துகிறவர்கள் பட்டன் போன் பதிவுகளையும் பாடத்தில் சேர்க்கட்டும். சித்தப்பா தன் பழைய போனில் ‘நெல்லு’ என்றால் நெல்லின் விலைதான் வர வேண்டும். அது வருகிற நாள் தொலைவில் இல்லை. அதற்கு வேண்டிய கணக்கும் கருவியும் கையில் இருக்கின்றன. குறைவது நம் குரல்கள் மட்டும்தான்.